அளந்து வரைந்தவர்: ஓவியர் பியரோ டெல்லா ஃபிரான்செஸ்கா

ஒரு பீப்பாய். இரண்டு முனைகளிலும் குறுக்களவு 2 முழம். நடுவில், அடைப்பான் இருக்கும் இடத்தில், இரண்டேகால் முழம். முனைக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட இடத்தில் 2 முழமும் ஒரு முழத்தில் ஒன்பதில் இரண்டு பங்கும். நீளம் 2 முழம். இதன் கொள்ளளவு எவ்வளவு?

15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வணிகர் வீட்டுப் பிள்ளைகள் போட்டுப் பழகிய கணக்கு இந்த வகைதான். அன்று பீப்பாய்க்கும் மூட்டைக்கும் பொதிக்கும் நிலையான அளவு கிடையாது; ஊருக்கு ஊர் மாறும். சந்தையில் ஒரு பீப்பாயைப் பார்த்தால், உள்ளே எவ்வளவு இருக்கும் என்று வாங்குகிறவனே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன கணக்கை எழுதி வைத்தவர், பீப்பாயை நுனி வெட்டப்பட்ட கூம்புகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு விட்டத்தையும் வர்க்கமாக்கி, கூட்டி, மூன்றால் வகுத்து, கடைசியில் 11ஆல் பெருக்கி 14ஆல் வகுக்கிறார். விடை 7 கன முழம், அப்புறம் கீழே 54,432 நிற்கும் ஒரு பின்னம். மது வியாபாரிக்கு இவ்வளவு துல்லியம் தேவையே இல்லை. ஆனால் எழுதியவர் வியாபாரி இல்லை, ஓவியர். பெயர் பியரோ டெல்லா ஃபிரான்செஸ்கா.

பியரோவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மௌனம், தியானம், காலம் உறைந்த நிலை என்று தொடங்குவார்கள். அவருடைய ஓவியங்கள் அமைதியானவை என்பதில் சந்தேகமில்லை. சண்டைக் காட்சியில்கூட யாரும் கத்துவதாகத் தோன்றாது. ஆனால் அந்த அமைதிக்கு ஆன்மிக விளக்கம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தப் பொருள் எங்கே நிற்கிறது, எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கணக்காகத் தெரிந்த ஒருவர் வரைந்தால் படம் இப்படித்தான் இருக்கும்.

அவர் ஊர் போர்கோ சான் செபொல்க்ரோ. இன்று சான்செபொல்க்ரோ என்கிறார்கள். டஸ்கனியின் கிழக்கு ஓரத்தில், டைபர் நதியின் மேல் பள்ளத்தாக்கில் இருக்கும் சிறு நகரம். புனித பூமிக்குப் போய்த் திரும்பிய இரண்டு யாத்ரீகர்கள், இயேசுவின் கல்லறையிலிருந்து கொண்டுவந்த புனிதப் பொருள்களை வைத்து நிறுவிய ஊர் என்பது ஐதீகம். பியரோ 1410களின் நடுவில் பிறந்திருக்க வேண்டும். அப்பா பெனடெட்டோ தோல் வணிகர். அம்மா ரொமானா பக்கத்திலுள்ள மாண்டெர்கி கிராமத்துக்காரர். துணிக்கு நீலச் சாயமேற்றும் செடிதான் அந்த வட்டாரத்தின் பெரிய சரக்கு. வாங்கல், விற்றல், நாணய மாற்று, பங்கு பிரித்தல் என்று கணக்கிலேயே ஓடிய ஊர் அது. பியரோவுக்குக் கணக்கு தனியாகக் கற்ற கலையெல்லாம் இல்லை. வீட்டிலும் தெருவிலும் பேசிய மொழி.

1439இல் அவர் ஃபுளோரன்ஸில் இருந்தார். டொமெனிகோ வெனெஸியானோ என்ற ஓவியருடன் ஒரு மருத்துவமனையின் தேவாலயத்தில் சுவரோவிய வேலை. அந்த ஓவியங்கள் இன்று இல்லை. அந்த ஆண்டு ஃபுளோரன்ஸ் ஒரு விசித்திரமான கூட்டத்தைப் பார்த்தது. கிழக்குத் திருச்சபையையும் மேற்குத் திருச்சபையையும் இணைக்கும் மாமன்றத்துக்காக பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜான் பலையோலோகஸ் தம் பரிவாரத்துடன் வந்திருந்தார். நீண்ட தாடி, உயரமான விநோதத் தொப்பிகள், தரையைத் தொடும் அங்கிகள். முன்பக்கம் மூக்குபோல் நீண்ட அந்தப் பேரரசரின் தொப்பி பியரோவின் ஓவியங்களில் பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் அவர் ஃபுளோரன்ஸில் தங்கவில்லை. ஊருக்குத் திரும்பினார். 1442இல் நகர மன்ற உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. ஃபெராரா, ரிமினி, ரோம், உர்பினோ என்று வேலைக்குப் போவார், திரும்பி வந்துவிடுவார். வாழ்நாள் முழுக்க இப்படித்தான். அவர் பிற்காலத்தில் மறக்கப்பட்டதற்கு இது ஒரு முக்கியமான காரணம், அதற்கு வருகிறேன்.

வேலை வாங்குவதில் அவரோடு மல்லுக்கட்டியவர்களும் சொந்த ஊர்க்காரர்களே. 1445இல் ஊரின் மிசெரிகோர்டியா சகோதர சபை ஒரு பல்பலகைப் பீட ஓவியம் கேட்டது. கூலி 150 ஃபுளோரின், கெடு 3 ஆண்டு. வேறு எந்த ஓவியரும் தூரிகையைத் தொடக் கூடாது. பலகையிலோ வண்ணத்திலோ குறை தெரிந்தால் 10 ஆண்டுவரை பியரோவே சரிசெய்து தர வேண்டும். இன்றைய வாரண்டி அட்டையில் இவ்வளவு தெளிவு இருப்பதில்லை. ஆனால் பியரோ அதை முடிக்க ஏறத்தாழ 15 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். நடுப் பலகையில் மரியன்னை தம் மேலாடையை இரு கைகளாலும் விரித்துப் பிடிக்க, அதன் அடியில் ஊர் மக்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். சபை பழைய பாணியில் தங்கப் பின்னணி வேண்டும் என்றது. தங்கப் பின்னணி என்றால் ஆழமே இருக்காது, தட்டையாகிவிடும். பியரோ அதை மறுக்கவில்லை. மாதாவின் ஆடையையே ஓர் அறைபோல, உள்ளே குவிந்த மாடம்போல ஆக்கி, மண்டியிட்டிருப்பவர்களுக்கு அங்கே இடம் ஒதுக்கிவிட்டார். தங்கத்தின் முன்னால் ஆழம் கிடைத்துவிட்டது.

இந்த இட ஒதுக்கீட்டை எப்படிச் செய்வது என்று அவர் தனி நூலே எழுதினார். ஓவியர்களுக்கான பர்ஸ்பெக்டிவ் நூல் அது; தூரத்தையும் ஆழத்தையும் தட்டையான பரப்பில் காட்டும் முறைக்குத்தான் அந்தப் பெயர். ஓவியத்தை வரைதல், அளவீடு, வண்ணம் என்று மூன்றாகப் பிரித்துவிட்டு, அளவீட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று எல்லை கட்டிக்கொள்கிறார். முதலில் தரைத்தளம், அடுத்து கனசதுரம், தூண், கட்டடம். மூன்றாம் பகுதியில் மனிதத் தலை. ஒரு தலையைக் கிடைமட்டமாகப் பல வெட்டுகளாகப் பிரித்து, வெட்டு ஒவ்வொன்றின் விளிம்பிலும் 16 புள்ளிகள் குறித்து, ஆணி, நூல், மெல்லிய சட்டம், காகிதப் பட்டை இவற்றைக் கொண்டு புள்ளி புள்ளியாகப் படத்தளத்துக்குக் கொண்டுவருகிறார். ‘இதைச் செய், அதைச் செய்’ என்று பட்டறையில் சீடனிடம் பேசும் தொனி. படிக்க அலுப்பூட்டும், உண்மையைச் சொன்னால். ஆனால் தலையைச் சற்றே தாழ்த்தியோ சாய்த்தோ வைத்திருக்கும் பியரோவின் மனிதர்களை அதற்குப் பிறகு பார்த்தால், அந்த முகங்களின் திரட்சி எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும்.

உர்பினோவில் இருக்கும் ‘கசையடி’ ஓவியத்தில் இந்த முறை உச்சத்தைத் தொடுகிறது. சிறிய பலகைதான், அகலம் 81 சென்டிமீட்டர் சுமார், உயரம் 58. இடது பாதியில் தூண்கள் நிற்கும் ஒரு மண்டபம், அதன் உள்ளே தூணில் கட்டப்பட்ட இயேசுவைச் சாட்டையால் அடிக்கிறார்கள். ஓரத்தில் அமர்ந்து பார்க்கும் பிலாத்துவின் தலையில் அதே பைசாந்தியத் தொப்பி. வலது பாதியில், முன்னால், பெரிய உருவங்களாக மூன்று பேர் நிற்கிறார்கள். பின்னால் நடப்பதை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடுவில் நிற்கும் இளைஞன் வெறுங்காலுடன் இருக்கிறான்.

யார் இந்த மூவர்? கொலையுண்ட உர்பினோ இளவரசர் ஒட்டான்டோனியோவும் அவருடைய கெட்ட ஆலோசகர்களும் என்பது பழைய விளக்கம். 1453இல் பைசாந்தியத் தலைநகர் கொன்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்ததற்கான துக்கம், சிலுவைப் போருக்கான அழைப்பு என்பது இன்னொரு தரப்பு. இதற்காகக் கொட்டப்பட்டிருக்கும் மை கொஞ்சநஞ்சமல்ல. எனக்கு அந்தச் சர்ச்சையைவிட 1953இல் விட்கோவர், கார்ட்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்த வேலைதான் பிடித்தது. அவர்கள் படத்தை வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டு, மண்டபத்தின் தரைப்படத்தை வரைந்து காட்டினார்கள். தரைக்கற்களின் வடிவமைப்பு, தூண்களின் இடைவெளி, யார் யாருக்கு எவ்வளவு தூரம் பின்னால் என்பதெல்லாம் அப்படியே கட்டடமாகக் கட்டிவிடலாம் என்னும்படி பொருந்தியது. இயேசு நிற்பது தரையிலுள்ள ஒரு வட்டத்தின் மையத்தில். சாய்வாகப் பார்ப்பதால் வெறும் கண்ணுக்கு அந்த வட்டம் பட்டையாக நசுங்கித் தெரியும். அவர் தலைக்கு மேல் கூரையில் ஒரு கட்டம் மட்டும் தனி வெளிச்சத்தில் ஒளிர்கிறது. அந்த ஒளி வெளியே இருப்பவர்கள் மீது விழும் வெயிலிலிருந்து வந்ததில்லை. ஓவியத்தில் ‘தெய்வீக ஒளி’ என்றால் பலர் தங்கக் கதிர்களை வாரி இறைப்பார்கள். இவர் ஒரு கூரைக் கட்டத்தோடு நிறுத்திக்கொண்டார்.

1975இல் இந்த ஓவியம் உர்பினோ அரண்மனையிலிருந்து திருடு போய், அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தின் லொகார்னோவில் கிடைத்தது.

அவருடைய மிகப் பெரிய வேலை அரெஸ்ஸோ நகரின் சான் ஃபிரான்செஸ்கோ தேவாலயத்தில் இருக்கிறது. பச்சி என்ற வணிகக் குடும்பத்துக்காக வேறொரு ஓவியர் தொடங்கி, அவர் 1452இல் இறந்துபோக, பியரோ கைக்கு வந்தது. 1466க்குள் முடிந்துவிட்டது. கதை மெய்ச்சிலுவையின் கதை: ஆதாமின் கல்லறையில் நட்ட கிளை மரமாகி, அந்த மரத்தைக் கண்டு ஷேபா ராணி மண்டியிட்டு, பின்பு அதுவே சிலுவையாகி, மன்னர் கொன்ஸ்டன்டைனுக்கு வெற்றி தந்து, அவர் அம்மா ஹெலெனாவால் தோண்டி எடுக்கப்பட்டு, பாரசீக மன்னனால் கவரப்பட்டு, மீட்கப்படுகிறது. பியரோ இதைக் கால வரிசைப்படி சுவரில் அடுக்கவில்லை. எதிரெதிர்ச் சுவர்களில் மேலே திறந்தவெளிக் காட்சி, நடுவில் அரண்மனைக் காட்சி, கீழே போர் என்று ஜோடி சேர்த்துவிட்டார். கதை தெரியாமல் போனால் குழம்பும். ஆனால் நடுவில் நின்று பார்க்கிறவருக்கு இருபுறமும் எடை சமமாக நிற்கும்.

ஒரே வரைபடத் தாளைத் திருப்பிப் போட்டு இரண்டு முகங்களுக்குப் பயன்படுத்தியிருப்பதும் இங்கே தெரிகிறது. தாளில் ஊசியால் துளையிட்டு, கரித்தூளைத் தட்டிச் சுவரில் குறிப்பது அன்றைய வழக்கம். பியரோ அதைக் கூசாமல் மறுபடி மறுபடி பயன்படுத்துவார். சோம்பல் என்று சொல்ல முடியாது. ஒரு வடிவம் சரியாக வந்துவிட்டால் அதை எதற்கு மாற்ற வேண்டும் என்ற மனம்.

அரெஸ்ஸோவில் எந்த இடத்தில் நின்றால் நகர மனம் வராது என்று கேட்டால், பீடத்துக்குப் பின்சுவரின் வலது கீழ்மூலையிலுள்ள ‘கொன்ஸ்டன்டைனின் கனவு’ என்பேன். இரவு. கூம்பு வடிவக் கூடாரம், திரை இரு பக்கமும் விலகியிருக்கிறது. உள்ளே மன்னர் தூங்குகிறார். மறுநாள் போர். இடது மேல்மூலையிலிருந்து ஒரு தேவதூதர் தலைகீழாகப் பாய்ந்து வருகிறார். நமக்குத் தெரிவது அவருடைய முதுகும் இறக்கையும் நீட்டிய கையும்தான். அந்தக் கையில் மிகச் சிறிய சிலுவை. அங்கிருந்து கிளம்பும் ஒளி கூடாரத்தின் மீதும் போர்வை மீதும் விழுகிறது. முன்னால் நிற்கும் இரண்டு காவலர்களில் ஒருவர் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிற்பதால் ஏறக்குறைய நிழலுருவாகிவிட்டார். கட்டிலருகில் அமர்ந்திருக்கும் பணியாளர் தலையைக் கையில் சாய்த்தபடி நம்மைப் பார்க்கிறார். அவருக்கு எதுவும் தெரியவில்லை, தூக்கக் கலக்கம். கூடாரத்தின் நடுக்கம்பம் படத்தை நேர்க்கோடாகப் பிளக்கிறது. இத்தாலியச் சுவரோவியத்தில் இரவு ஒளியை இவ்வளவு கவனமாகக் கணித்து வரைந்தவர் அதற்கு முன்னால் அரிது. பக்கத்துச் சுவரில் அடுத்த காட்சி: அதே மன்னர், அதே பைசாந்தியத் தொப்பியுடன், குட்டிச் சிலுவையை முன்னே நீட்டியபடி குதிரையில் வருகிறார், எதிரிப் படை ஓடுகிறது. நடுவே ஓடும் டைபர் நதி ரோமின் டைபர்போல இல்லை. சான்செபொல்க்ரோ பக்கத்தில் ஓடும் சின்ன நதிதான்; மரமும் வீடும் நீரில் தெளிவாக நிழலாடுகின்றன.

சொந்த ஊருக்கு அவர் வரைந்ததில் பெரியது ‘உயிர்த்தெழுதல்’. தேவாலயத்தில் இல்லை, நகர மன்றக் கட்டடத்தில். ஊரின் பெயரிலேயே கல்லறை இருப்பதால் உயிர்த்தெழுந்த இயேசு ஊரின் சின்னமும்கூட. கல்லறையின் விளிம்பில் ஒரு காலை ஊன்றி, கையில் செஞ்சிலுவைக் கொடியுடன் இயேசு எழுந்து நிற்கிறார். வயலுக்குப் போய் உழைத்துப் பழகிய உடம்பு. பார்வை நேராக நம்மீது. கீழே நான்கு காவலர்கள் அசந்து தூங்குகிறார்கள். இவர்களில் தலையைப் பின்னால் சாய்த்திருப்பவர் பியரோவேதான் என்பது ஊர் வழக்கு. ஈட்டி பிடித்தவருக்குக் கால்களே இல்லை. கால் இருந்தால் படத்தில் இடம் போதாது, விட்டுவிட்டார். இன்னொரு தந்திரம்: காவலர்களைக் கீழிருந்து அண்ணாந்து பார்ப்பதுபோலவும், இயேசுவின் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பதுபோலவும் வரைந்திருக்கிறார். பர்ஸ்பெக்டிவுக்கு நூல் எழுதியவர் அதன் விதியை இங்கே தெரிந்தே மீறுகிறார். மீறியதால்தான் அந்தப் பார்வை நம் மட்டத்துக்கு இறங்கி வருகிறது. பின்னணியில் இடப்பக்க மரங்கள் மொட்டையாகவும் வலப்பக்க மரங்கள் இலையோடும் நிற்கின்றன.

இதே ஓவியத்தின் மீது ஒரு காலத்தில் சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தார்கள். அவ்வளவு மதிப்புதான் அப்போது. சுவரோவியத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது. சிறு ஊரில் இருந்தால் யாரும் தேடி வரமாட்டார்கள். ரோமில் வாட்டிகன் அரண்மனையில் அவர் வரைந்தவை அழிந்துவிட்டன, ஃபெராராவில் வரைந்தவையும் போயின. ஊரோடு இருந்த மனிதர், ஊரோடு மறக்கப்பட்டார். 19ஆம் நூற்றாண்டில்தான் வெளியூர்க் கண்கள் திரும்பின: 1861இல் லண்டன் நேஷனல் கேலரி அவருடைய ‘இயேசுவின் திருமுழுக்கு’ ஓவியத்தை வாங்கியது. 1925இல் ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி ஒரு பயணக் கட்டுரையில் ‘உயிர்த்தெழுதல்’தான் உலகிலேயே சிறந்த ஓவியம் என்று எழுதினார். 1944இல் சான்செபொல்க்ரோ மீது குண்டு வீசச் சொல்லி உத்தரவு பெற்ற பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரி டோனி கிளார்க், சில குண்டுகள் போன பிறகு இந்த ஊர்ப் பெயரை எங்கோ படித்திருக்கிறோமே என்று யோசித்து, அந்தக் கட்டுரை நினைவுக்கு வர, சுடுவதை நிறுத்திவிட்டார். ஜெர்மானியர்கள் ஏற்கெனவே ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். ஊரில் ஒரு தெருவுக்கு கிளார்க்கின் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அம்மாவின் ஊரான மாண்டெர்கியில் வரைந்த ‘கர்ப்பிணி மாதா’வைப் பற்றி இரண்டு வரி. ஒரு கை இடுப்பில், ஒரு கை முன்பக்கம் திறந்த நீல ஆடையின் பிளவில், முகத்தில் களைப்பு. நிறைமாதக் கர்ப்பிணியை இவ்வளவு இயல்பாக வரைந்த மரியன்னை ஓவியங்கள் மிகக் குறைவு. இரு பக்கமும் திரையை விலக்கும் தேவதூதர்கள் ஒரே வரைபடத் தாளின் இரு பக்கங்கள். அந்த வட்டாரப் பெண்கள் நல்லபடியாகப் பிரசவம் ஆக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக அங்கே வேண்டிக்கொள்கிறார்கள்.

உர்பினோவில் அவருக்கு வேலை கொடுத்த ஃபெடெரிகோ டா மான்டெஃபெல்ட்ரோ கூலிப்படைத் தளபதி, புத்தகப் பிரியர். போட்டிச் சண்டையில் வலது கண் போய்விட்டது. அதனால் எந்த ஓவியத்திலும் இடது பக்கம்தான் காட்டுவார். அவரும் மனைவி பட்டிஸ்டா ஸ்ஃபோர்சாவும் எதிரெதிராகப் பார்க்கும் இரட்டை ஓவியம் இப்போது ஃபுளோரன்ஸின் உஃபிஸி காட்சியகத்தில் இருக்கிறது. ஃபெடெரிகோவின் மூக்கின் மேலே வெட்டுப்பட்டதுபோன்ற பள்ளம், கன்னத்து மருக்கள் எதையும் பியரோ விடவில்லை. பட்டிஸ்டாவின் முகம் மட்டும் வெளிறியிருக்கிறது. அவர் 1472இல், ஆண் வாரிசைப் பெற்ற சில மாதங்களில் இறந்துபோனவர். இறந்த பிறகு வரைந்த முகமாக இருக்கலாம். மிலானின் பிரேரா காட்சியகத்திலுள்ள பீட ஓவியத்தில் ஃபெடெரிகோ கவசத்தோடு மண்டியிட்டிருக்க, மாதாவின் தலைக்கு நேர் மேலே ஒரு முட்டை தொங்குகிறது. கட்டடத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் அது தலைக்கு மேலே இல்லை, வெகுதூரம் பின்னால் மாடத்தில் இருக்கிறது. அவ்வளவு தள்ளி இருந்தும் இந்த அளவு தெரிவதால் கோழிமுட்டையாக இருக்க வாய்ப்பில்லை. நெருப்புக்கோழி முட்டையாக இருக்கும்.

கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் போய்விட்டது என்று, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை 16ஆம் நூற்றாண்டில் தொகுத்த வசாரி எழுதினார். ஆனால் 1487இல் எழுதிய உயிலில் மனமும் உடலும் நலம் என்று சொல்கிறார். 1492 அக்டோபர் 12 அன்று இறந்தார். கொலம்பஸின் கப்பலிலிருந்து கரை தெரிந்த அதே நாள்.

கணக்கு நூல்களுக்கு நேர்ந்தது வேறு கதை. கனசதுரம்போல எல்லா முகங்களும் ஒரே மாதிரி இருக்கும் ஐந்து ஒழுங்குத் திண்மங்களைப் பற்றி அவர் எழுதிய நூலில், மூலைகளை வெட்டினால் கிடைக்கும் வடிவங்களும் வருகின்றன. 12 ஐங்கோணமும் 20 அறுகோணமும் சேர்ந்த கால்பந்து வடிவம் அவற்றில் ஒன்று. அந்த நூலை அதே ஊரைச் சேர்ந்த துறவி லூகா பாச்சோலி இத்தாலிய மொழியாக்கி 1509இல் வெனிஸில் அச்சிட்ட தம் நூலோடு சேர்த்துக்கொண்டார். பியரோவின் பெயர் இல்லை. வசாரி இதைத் திருட்டு என்றே சாடினார். பாச்சோலி 1494இல் வெளியிட்ட நூலில் பியரோவை நம் காலத்து ஓவிய மன்னர் என்று புகழ்ந்திருக்கிறார், ஆக மதிப்பு இல்லாமல் இல்லை. ஓவியர் என்று பாராட்ட மனம் வந்தது, கணிதம் என்று வந்தபோது பெயர் சொல்ல வரவில்லை. மூல நூல் வாட்டிகன் நூலகத்தில் கிடந்ததால் பின்னாளில் குட்டு வெளிப்பட்டது. பர்ஸ்பெக்டிவ் நூல் முதன்முதலில் அச்சேறியது 1899இல். பீப்பாய்க் கணக்கு வரும் வணிகக் கணக்கு நூல் 1970இல்.

இன்னொன்று அண்மைக் காலத்தில்தான் அடையாளம் காணப்பட்டது. ஃபுளோரன்ஸின் ரிக்கார்டியானா நூலகத்தில் ஆர்க்கிமிடிஸ் நூல்களின் லத்தீன் மொழிபெயர்ப்பு ஒன்று இருக்கிறது. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்ததில் அதைப் பிரதி எடுத்தவர் பியரோவே என்று தெரிந்தது. பட்டறை வேலையும் கெடு தாண்டிய பீடங்களும் கிடக்க, கோளம், கூம்பு, சுருள் என்று 200க்கும் மேற்பட்ட வடிவியல் படங்களைத் தம் கையாலேயே வரைந்து வைத்திருக்கிறார்.